அத்தியாயம் 7: கேமரா நின்ற பிறகு

கதைச் சுருக்கம் எழுதுவதற்கு முன்னால், உங்கள் படத்தில் எந்த மணி நேரம் பதிவாகப் போவதில்லை என்பதை ஒரு வெள்ளைத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படம், அதாவது காணாமல்போனவர்கள் எடுத்த வீடியோ பிறகு கிடைத்தது போன்ற படம், எடுக்க வரும் மாணவர்களில் பெரும்பாலோர் பேயிலிருந்து தொடங்குகிறார்கள். சிலர் கேமராவிலிருந்து தொடங்குவார்கள்: எந்த மாடல், எந்த லென்ஸ், வாடகை எவ்வளவு. பேயும் லென்ஸும் பிறகு வரலாம். படம் முடிந்து தேநீர்க்கடையில் நின்று பார்வையாளர்கள் எதைப் பற்றி வாதாடப் போகிறார்கள் என்பதை முடிவு செய்வது அந்தப் பதிவாகாத நேரம்தான்.

இதற்கு நல்ல பாடம் ரஷ்யாவின் உரால் மலையில் கிடக்கிறது. 1959 ஜனவரியில் உரால் பாலிடெக்னிக் நிறுவனத்தைச் சேர்ந்த மாணவர்களும் பழைய மாணவர்களும் அடங்கிய குழு ஒன்று இகோர் டியாட்லோவ் தலைமையில் பனிச்சறுக்குப் பயணம் கிளம்பியது. பத்துப் பேரில் ஒருவர் உடம்பு முடியாமல் பாதி வழியில் திரும்பிவிட்டார். மீதி ஒன்பது பேர் பிப்ரவரி 1 மாலை கோலாட் சியாக்ல் மலைச்சரிவில் கூடாரம் அடித்தார்கள். தேடிப் போனவர்கள் பிப்ரவரி 26 அன்று கூடாரத்தைக் கண்டார்கள். துணி உள்ளிருந்து கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே பூட்ஸும் மேல்சட்டைகளும் இருந்தன. வெளியே பனியில் காலுறையோடும் வெறுங்காலோடும் கீழே இறங்கிய தடங்கள். கடைசி நான்கு உடல்கள் கிடைத்தது மே மாதத்தில்தான். ஆறு பேர் குளிரில் இறந்திருந்தார்கள், மூன்று பேர் கடுமையான உள்காயத்தால். சோவியத் விசாரணை, அவர்களால் மீற முடியாத ஓர் இயற்கைச் சக்தி என்று எழுதிக் கோப்பை மூடியது.

அந்தக் குழுவிடம் கேமராக்கள் இருந்தன, நாட்குறிப்புகள் இருந்தன, கூடாரத்துக்குள் கேலியாக எழுதி ஒட்டிய ஒரு 'செய்தித்தாள்' கூட இருந்தது. பிப்ரவரி 1 வரை அவர்கள் எங்கே சிரித்தார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். தெரியாதது ஒரே ஓர் இரவு. அறுபது ஆண்டுகளாக ஏவுகணைச் சோதனை, பனிமனிதன், பறக்கும் தட்டு என்று உலகமே அந்த ஓர் இரவைத்தான் இட்டு நிரப்பிக்கொண்டிருந்தது. எல்லாமே இருட்டாக இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். உங்கள் திரைக்கதையிலும் இந்த விகிதம் வேண்டும்: எண்பது நிமிடம் தாராளமாக, சலிப்பு தட்டும் அளவுக்குக்கூடப் பதிவு, ஒரு சின்ன இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

ரென்னி ஹார்லின் 2013-இல் இந்தச் சம்பவத்தை வைத்து 'டெவில்ஸ் பாஸ்' எடுத்தார். அமெரிக்க மாணவர்கள் சிலர் ஆவணப்படம் எடுப்பதற்காக அதே மலைக்குப் போகிறார்கள். முதல் முக்கால்வாசி பரவாயில்லை. வெளிப்பக்கம் தாழிட்ட ஓர் இரும்புக் கதவைப் பனிக்குள் காணும் இடம் வரை நன்றாகவே இருக்கிறது. கதவைத் திறந்ததும் சுரங்க ஆய்வுக்கூடம், ராட்சதர்கள், காலத்தைத் தாண்டும் வழி எல்லாம் வந்துவிடும். இடைவெளியை நிரப்பியே தீருவேன் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் கதவைத் திறக்காமலே விட்டிருந்தால் படம் இன்னும் பத்து ஆண்டு பேசப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

விஞ்ஞானம் அந்தக் கதவை வேறு விதமாகத் திறந்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஜோஹன் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின் ஆகிய இருவர் 2021 ஜனவரியில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். கூடாரம் அடிக்கச் சரிவை வெட்டியிருக்கிறார்கள். இரவெல்லாம் காற்று மேலிருந்து பனியை அள்ளிக்கொண்டுவந்து குவித்திருக்கிறது. வெட்டிப் பல மணி நேரம் கழித்து ஒரு சிறிய பனிப்பாளம் நழுவி, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்திருக்கலாம். பனியின் அசைவைக் கணக்கிட டிஸ்னியின் 'ஃப்ரோசன்' படத்துக்காக எழுதிய கணினி நிரலின் நுட்பத்தை எடுத்துக்கொண்டார்கள். விலா எலும்பு நொறுங்குவதைக் கணக்கிடப் பழைய கார் விபத்துச் சோதனைகளின் தரவு. கூடாரத்தை விட்டபின் என்ன நடந்தது என்பதைத் தாங்கள் விளக்கவில்லை என்றும் அவர்களே எழுதிவிட்டார்கள். திரைக்கதை எழுதுபவருக்கு இது கைகொடுக்கும். காரணத்தை முழுக்கத் தெரிந்துவைத்துக்கொண்டு, திரையில் பாதியை மட்டும் காட்டுங்கள். காரணமே தெரியாமல் எழுதினால் மூன்றாவது காட்சியிலேயே குட்டு உடைந்துவிடும்.

எந்த மலை, யாருடைய சாவு

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு உரால் மலைக்குப் போக வேண்டாம். அந்த கோலாட் சியாக்லின் உயரம் ஏறக்குறைய 1,100 மீட்டர். நம் பொன்முடியும் கிட்டத்தட்ட அதே உயரம். இங்கே பனிக்குப் பதில் மழை, அங்கே பனிப்பாளம் நழுவினால் இங்கே மண்.

நம் மலைகளுக்கும் பதிவாகாத இரவுகள் உண்டு. 2001 நவம்பர் 9 அன்று, அப்போது நெய்யாற்றின்கரை தாலுக்காவில் இருந்த மலையடிவார ஊரான அம்பூரியில் மழை இரவொன்றில் மலை சரிந்தது. ஏறக்குறைய 40 பேர் போனார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள். அநேகமாக எல்லோரும் தமிழர்கள், பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குத் தகவல் எட்டியதே மறுநாள் காலையில்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போயிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள்.

இவற்றில் ஒன்றை எடுத்து அதன்மேல் பேயையோ சாபத்தையோ ஏற்ற வேண்டாம். இறந்தவர்களின் பிள்ளைகள் இன்று உங்கள் கல்லூரியிலேயே படித்துக்கொண்டிருக்கலாம். அறம் ஒருபக்கம் இருக்கட்டும், தொழில் கணக்கிலும் அது நஷ்டம். பெட்டிமுடியில் நடந்ததை விடப் பயங்கரமாக எதையும் நீங்கள் கற்பனை செய்துவிட முடியாது. லயத்தில் உறங்கிய குடும்பம், மேலே மலைச்சரிவு, செத்துப்போன சிக்னல். அதற்கு மேல் ஒரு வெள்ளைச் சேலையைத் தொங்கவிட்டால் சிரிப்புத்தான் வரும்.

உண்மைச் சம்பவத்தையே எடுத்தாக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2006-இல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பரைக் கூட வந்தவர்கள் மீட்ட கதையை 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்று சிதம்பரம் இயக்கினார். பிழைத்தவர்கள் உயிரோடிருந்தார்கள், படக்குழுவோடு பேசினார்கள், படம் வந்தபோது மேடையிலும் நின்றார்கள். உங்களால் அந்த மாதிரி ஓர் ஒப்புதலைப் பெற முடியுமானால் எடுங்கள். முடியாதென்றால் இடத்தையும் பெயரையும் மாற்றி, சம்பவத்தின் இயக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மழை எத்தனை நாள் பெய்தது, நீரோடை எங்கே அடைபட்டது, சரிவை யார் வெட்டினார்கள், தகவல் எத்தனை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள நகரத்திலேயே வசதி உண்டு. ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது, நிலச்சரிவை ஆராய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கல்லூரிக் கடிதத்தோடு, கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பழைய நாளிதழ்களுக்குப் பாளையத்தில் உள்ள மாநில மத்திய நூலகம்.

என்னைக் கேட்டால், இந்த ஊரில் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படத்துக்கு ஏற்ற கரு நூற்று எழுபது ஆண்டுப் பழையது. சுவாதித் திருநாள் காலத்தில், 1837-இல், திருவனந்தபுரத்தில் ஒரு வானியல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. பாளையத்துக்குப் பக்கத்தில் அப்சர்வேட்டரி ஹில் என்று இன்றும் சொல்கிறார்களே, அதுதான். 1852-இல் அதற்கு இயக்குநராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், கீழே நகரத்தில் காந்த ஊசியின் அசைவை அளந்தது போதாதென்று அகத்தியர் மலை உச்சியில் இன்னொரு நிலையம் கட்டினார். தமிழர்கள் பொதிகை என்று கும்பிடும் அதே 1,868 மீட்டர் உச்சி. யானைக்காட்டுக்குள் கருவிகளைச் சுமந்துகொண்டு போய், காற்றும் மழையும் அறையும் குடிசைக்குள் ஆட்களை உட்காரவைத்து அளவெடுக்கச் செய்தார். 1874-இல் லண்டனில் வெளியான அவருடைய அறிக்கையின் தலைப்பிலேயே திருவனந்தபுரமும் அகத்தியர் மலையும் சேர்ந்து வருகின்றன.

மணிக்கு மணி எண்களை எழுதிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், சுற்றிலும் மேகம், கீழே இறங்க இரண்டு நாள். இதில் ஒரு பதிவேட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வரிசையாக எண்கள் வருகின்றன, ஓர் இரவுக்கு மட்டும் கட்டங்கள் காலி, மறுநாள் காலை எண்கள் மறுபடி தொடங்குகின்றன, ஆனால் கையெழுத்து வேறு. நான்கு மாணவர்கள் இதைக் கண்டுபிடித்து மலையேறுகிறார்கள். காலிக் கட்டம் முழுக்கக் கற்பனை என்பதால், பிரௌனின் பெயரை விட்டுவிட்டு மலைக்கும் நிலையத்துக்கும் புதிய பெயர் வையுங்கள். பிரௌனுக்கு இப்போது வாரிசு யாரும் வந்து சண்டை போடப் போவதில்லை என்றாலும், பிற்பாடு யாராவது உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு அதை வரலாறாக எழுதிவிடக் கூடாது.

யார் கண்டெடுத்தார்கள்

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்றால் கண்டெடுத்த ஒருவர் இருக்க வேண்டும். பாதிப் படங்களில் இந்த ஆளே இல்லை. மெமரி கார்டை எடுத்தது யார், வெட்டித் தொகுத்தது யார், எழுத்துப் பலகை போட்டது யார், ஏன் வெளியிடுகிறார்? போலீஸா, வனத்துறையா, காணாமல்போன பெண்ணின் அக்காவா? அக்கா தொகுத்திருந்தால் தங்கை அழும் காட்சியை வெட்டியிருப்பாள். வனத்துறை தொகுத்திருந்தால் தங்கள் காவலர் வரும் இடத்தை வெட்டியிருக்கும். படத்தின் ஒவ்வொரு கத்திரிப்பும் அந்த ஆளின் மனசைக் காட்டிக்கொடுக்க வேண்டும். 1999-இல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' ஒரே ஓர் எழுத்துப் பலகையில் இந்த வேலையை முடித்துவிட்டது: மூன்று மாணவர்கள் காணாமல் போனார்கள், ஓராண்டு கழித்து அவர்கள் எடுத்த படச்சுருள் கிடைத்தது, அவ்வளவுதான்.

அடுத்தது, ஆபத்து வந்த பிறகும் கேமரா ஏன் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி. ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். முதலில் கடிகார நேரம், அடுத்து உண்மையில் நடப்பது, பிறகு கேமராவில் விழுவது, நான்காவதில் அந்த நேரம் யார் எதற்காகக் கேமராவைப் பிடித்திருக்கிறார் என்பது. உதாரணத்துக்கு, இரவு 11.40; கூடாரத்தின் வடக்குக் கயிற்றை யாரோ அவிழ்க்கிறார்கள்; கேமராவில் கூடாரத் துணி தளர்ந்து தொங்குவது மட்டும் விழுகிறது; கைப்பேசியின் டார்ச் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வீடியோவை ஓடவிட்டிருக்கிறார்கள். நான்காவது பத்தி காலியாக இருக்கும் வரிசைகளை அடித்துவிடுங்கள். 'ஆவணப்படம் எடுக்கிறோம், எல்லாம் பதிவாகணும்' என்ற வசனம் ஒருமுறைக்கு மேல் செல்லாது. டார்ச், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்ப்பது, பிற்பாடு சாட்சியாக இருக்கும் என்ற எண்ணம், பயத்தில் கையில் எதையாவது பற்றிக்கொள்வது, இவை நிற்கும் காரணங்கள். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழை பக்கம் பாறை இடுக்கில் ஏறக்குறைய 45 மணி நேரம் சிக்கிய இளைஞர், தன் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பித்தான் தான் இருக்கும் இடத்தைத் தெரியப்படுத்தினார். பிறகு ராணுவம் வந்து தூக்கியது. கேமரா ஓடுவதற்கு அதைவிட நல்ல காரணம் கிடைப்பது கஷ்டம்.

வசனத்தில் தகவலைத் திணிக்காதீர்கள். 'நாம் இப்போது முதல் முகாமில் இருக்கிறோம், மணி பதினொன்று' என்று யாரும் நண்பனிடம் சொல்வதில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த இருவர் கூடாரத்துக்குள் இப்படிப் பேசுவார்கள்:

"லே, சார்ஜ் எவ்வளவு கெடக்கு?"

"பதினெட்டு."

"அப்பம் அத அணைடே. காலைல வேணும்லா."

"ஒரு நிமிசம் மக்கா. டென்ட் கயித்த நீயா அவுத்த?"

"நான் உனக்க பக்கத்துலல்லா இருக்கேன்."

நேரம், ஆபத்து, உறவு மூன்றும் வந்துவிட்டன. அதே கூட்டத்தில் ஒரு மலையாளப் பெண் இருந்தால் அவள் 'சேட்டா' என்று வழிகாட்டியைக் கூப்பிடட்டும், தமிழ்ப் பையன் 'அண்ணா' என்று கூப்பிடட்டும், வழிகாட்டி இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கட்டும். அகத்தியர் மலைக்காட்டில் வழிகாட்டிகளாக வருபவர்கள் பெரும்பாலும் காணிக்காரப் பழங்குடியினர். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். வழக்கமான படங்களில் இப்படிப்பட்ட வழிகாட்டிக்கு ஒரே வேலைதான்: 'அங்கே போகாதீங்க, சாமி கோபிக்கும்' என்று சொல்லிவிட்டுச் செத்துப்போவது. காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிலையம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, வருமானத்தில் பங்கும் கொடுத்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்க அது பேசப்பட்டது. அப்படிப்பட்டவர்களில் ஒருவரை மூடநம்பிக்கை பரப்பும் பொம்மையாக நிறுத்தாதீர்கள். 'போகாதே' என்று அவர் சொன்னால் யானைத்தடம் புதிதாக இருக்கிறது என்பது காரணமாக இருக்கட்டும்.

இடமும் அனுமதியும்

போணக்காடு. பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் அந்தப் பாழடைந்த பங்களாதான் நினைவுக்கு வரும். வெள்ளைக்கார மேலாளரின் மகள் செத்துப் பேயாக அலைகிறாள் என்ற கதையோடு யூடியூப் கேமராக்கள் அந்தப் படிக்கட்டைத் தேய்த்துவிட்டன. அங்கே உங்களுக்கு மிச்சமாக ஒரு கோணம் கூட இல்லை. அதே போணக்காட்டில் ஓட்டம் நின்றுபோன தேயிலை ஆலையும், ஒழுகும் லயங்களில் தங்கிவிட்ட தொழிலாளர் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களிடம் முதலில் பேசுங்கள். 'பேயைப் பார்த்தீர்களா' என்று கேட்டுக் கேட்டு வருகிற கூட்டத்தால் அலுத்துப்போனவர்கள், வேறு ஏதாவது கேட்டால் பேசுவார்கள்.

அகத்தியர்கூடம் என்றும் சொல்லப்படும் அகத்தியர் மலைக்கான பயணம் போணக்காட்டிலிருந்துதான் தொடங்குகிறது. பெப்பாறை, நெய்யாறு சரணாலயங்கள் வழியாக அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி. கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் இணையவழி முன்பதிவு திறக்கும். அந்தச் சீட்டு நடப்பதற்கு மட்டும்தான். படப்பிடிப்புக்கு வேறு அனுமதி, வேறு கட்டணம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி சரணாலயத்துக்குள் படமெடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். 'கைப்பேசிதானே சார்' என்ற வாதம் காணித்தடம் செக்போஸ்ட்டில் எடுபடாது. நடிகர், கதை, மைக் எல்லாம் சேர்ந்தால் அது படப்பிடிப்பு. விண்ணப்பத்தில் தீ, ரத்தம், சத்தம், இரவு என்று எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் உங்களோடு சேர்த்து அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் கதவு மூடும்.

கதை நடக்கும் ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு அகத்தியர்கூட உச்சி திறந்தது 2018 இறுதியில் கேரள உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில்தான். உங்கள் மெமரி கார்டு 2015-ஆம் ஆண்டுடையது என்றால், அனுமதிச் சீட்டோடு உச்சிக்குப் போகும் மாணவி அதில் இருக்க முடியாது. அந்தத் தடையையே கதைக்குள் கொண்டுவரலாம்: அவள் கீழேயே நிற்க வேண்டியவள், கடைசி வீடியோவில் அவள் குரல் மட்டும் மேலே கேட்கிறது.

உண்மையைச் சொன்னால், சரணாலயத்துக்குள் நீங்கள் எடுக்க வேண்டியது பகல்நேரக் காட்சிகள் சிலவும் மலையின் தூரத்துத் தோற்றமும் மட்டும்தான். இரவு முழுவதையும் விதுரா, நெடுமங்காடு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு எடுத்துவிடலாம். டார்ச் வெளிச்சத்தில் எல்லாக் காடும் ஒன்றுதான். ரப்பர் மரத்தின் பால்வெட்டு மட்டும் பிரேமில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வரிசையாக நிற்பதும் காட்டிக்கொடுக்கும். பொன்முடி பகலுக்கு நல்லது, மாலையில் இறக்கிவிட்டுவிடுவார்கள். டிரோனை மறந்துவிடுங்கள். விமான நிலையம், தும்பா விண்வெளி மையம், ஆக்குளத்தில் விமானப்படைத் தலைமையகம் என்று நகரத்தைச் சுற்றிலும் தடைப் பகுதிகள். அது ஒருபுறமிருக்க, எல்லோரும் வழிதவறி அழுதுகொண்டிருக்கும்போது டிரோனைப் பறக்கவிட்டது யார்?

இரவில்

கதையில் கைப்பேசி என்றால் கைப்பேசியிலேயே எடுங்கள். நல்ல கேமராவில் எடுத்துப் பிறகு கெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இருட்டில் ஃபோகஸ் தேடித் தடுமாறுவது, டார்ச் பட்டதும் வெளிச்சத்தை அது குறைத்துக்கொள்வது, வேகமாகத் திருப்பினால் மரங்கள் சாய்வது, இதையெல்லாம் கணினியில் போலியாகச் செய்ய முடியாது. எக்ஸ்போஷரைப் பூட்டாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசி 30 பிரேமில் ஓடும்போது டியூப்லைட் அடியில் படம் துடிக்கும். தொடக்கத்தில் வரும் விடுதி அறைக் காட்சியில் அந்தத் துடிப்பை அப்படியே விட்டுவிடுங்கள். நிலவொளியை நம்பாதீர்கள், கைப்பேசிக்கு அது தெரியாது. ஒரே ஒரு தலைவிளக்கு, அதுவும் ஒரு கதாபாத்திரத்தின் தலையில். அவர் திரும்பினால் மற்ற எல்லோரும் இருட்டுக்குள் போவார்கள், உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒலிக்கு மட்டும் ஏமாற்றலாம். ஒவ்வொரு நடிகருக்கும் சட்டைக்குள் சிறு மைக் வைத்துத் தனியாகப் பதிவு செய்து, பிறகு கைப்பேசி ஒலியோடு கலந்து கெடுத்துக்கொள்ளுங்கள். வசனம் புரியாத பயங்கரத்துக்கு யாரும் பயப்படமாட்டார்கள். பின்னணி இசை வேண்டாம். பொன்முடிக் காற்று, தகரத்தில் விழும் மழை, தவளை, இவற்றை அந்தந்த இடத்தில் ஐந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லாச் சத்தமும் சட்டென்று நிற்கும் ஓரிடத்துக்கு இந்த ஒலிவங்கிதான் உதவும்.

நடிகர்களே கேமராவைப் பிடிக்கட்டும். பிளேர் விட்ச் குழு எட்டு நாள் எடுத்தது. வசனம் கொடுக்காமல், யார் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று தனித்தனிச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள், ஒருவர் சீட்டை மற்றவருக்குக் காட்டக் கூடாது. அதை நீங்களும் செய்யலாம். அவர்கள் வைத்திருந்த இன்னொரு ஏற்பாட்டையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்: நடிப்பை நிறுத்த ஒரு சொல். அவர்களுக்கு அது 'டாக்கோ'. 'உதவி', 'நிறுத்து', 'வலிக்கிறது' எல்லாம் வசனமாகவே வரக்கூடிய படம் இது, அதனால் கதையில் வரவே வராத சொல்லாக வையுங்கள். 'சாம்பார்' போதும். அது காதில் விழுந்தால் கேமரா கீழே, விளக்கு மேலே, எல்லோரும் நிற்க வேண்டும்.

பிரேமுக்கு வெளியே எப்போதும் இரண்டு பேர் வேண்டும், நடிக்காதவர்கள், தனி டார்ச்சோடு. மழை வலுத்தால் சரிவுக்கு அடியிலும் ஓடைக்குப் பக்கத்திலும் படப்பிடிப்பு கிடையாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை சொல்லிக்கொண்டு வராது. அம்பூரி சரிந்தது நவம்பரில். கோடையில் தீ கிடையாது, ஒரு காட்சிக்காகக்கூடக் கிடையாது. குரங்கணி மார்ச்சில். பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்று முதல் நாளே விசாரித்து, ஓட்டுநருக்கு வழி காட்டி வையுங்கள். அட்டைக்கு உப்பு.

வெட்டும் மேசையில்

கைப்பேசி வீடியோ பிரேம் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அப்படியே தொகுப்பில் போட்டால் பத்து நிமிடத்தில் உதடும் ஒலியும் பிரிந்துவிடும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இந்தப் படத்துக்குப் போதும்.

மூலையில் சிவப்புப் புள்ளி, 'ஆர்இசி' எழுத்து, பேட்டரிக் கோடு எல்லாம் போடாதீர்கள். அவை எடுப்பவரின் திரையில் தெரிபவை. பதிவான கோப்பில் இருப்பதில்லை. படம் கிழிவது போன்ற தயார்நிலை எஃபெக்டும் வேண்டாம். நிஜக் கோளாறு அதைவிடச் சுவையானது. எம்பி4 கோப்பின் அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் கைப்பேசி எழுதி வைக்கும். கைப்பேசி திடீரென்று உடைந்துபோனால் அந்தக் கடைசிக் கோப்பு திறக்கவே திறக்காது; அதே கைப்பேசியில் எடுத்த நல்ல கோப்பொன்றை மாதிரியாக வைத்து அதைச் சீர்செய்ய வேண்டியிருக்கும். ஆக, உங்கள் கதையில் மிக முக்கியமான கடைசி வீடியோ முதலில் யாருக்கும் கிடைத்திருக்கவே முடியாது. கண்டெடுத்த அக்கா மாதக்கணக்கில் போராடி அதில் பதினோரு விநாடி மீட்டிருப்பாள். மீதி என்ன ஆனது? தாளில் முதலில் குறித்த மணி நேரம் அங்கேதான் இருக்கிறது, அதை நிரப்பாதீர்கள்.

வெளியிடும்போது, பிளேர் விட்ச் காலத்துத் தந்திரத்தை மட்டும் தொடாதீர்கள். நடிகர்கள் காணாமல்போய்விட்டார்கள் என்று துண்டறிக்கை அடித்தார்கள், இணையத்தில் செய்தி பரப்பினார்கள். 1999-இல் அது விளம்பரம். இன்று பாளையத்தில் ஒரு 'காணவில்லை' சுவரொட்டி ஒட்டினால் சாயங்காலத்துக்குள் நடிகையின் அம்மாவுக்கு ஊரிலிருந்து நாற்பது அழைப்பு வரும், அடுத்தது காவல் நிலையம். முடிவில் இது கற்பனை என்ற பலகை தெளிவாக, படிக்கும் நேரம் நிற்கட்டும். திரையரங்கில் போட வேண்டுமானால் தணிக்கைச் சான்று வேண்டும், அந்த அலுவலகம் திருவல்லத்துச் சித்ராஞ்சலி வளாகத்திலேயே இருக்கிறது. குறும்படம் என்றால் சலச்சித்ர அகாடமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு அனுப்புங்கள். முழுநீளம் என்றால் அதே அகாடமியின் டிசம்பர் திரைப்பட விழா. இரண்டுக்கும் நடிகர்களின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதங்களை ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள். 1980-இல் 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' எடுத்த ருக்கேரோ தேயோதாத்தோ, தன் நடிகர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டதாகச் சந்தேகம் எழுந்ததால், அவர்களை உயிரோடு கொண்டுவந்து காட்டித்தான் இத்தாலிய நீதிமன்றத்தில் தப்பினார். திரையிடல் முடிந்ததும் உங்கள் நடிகர்கள் நால்வரையும் மேடைக்கு வரச்சொல்லுங்கள், பயணப்படியை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் கட்டாயம் வருவார்கள்.